போர்டு முடிவாவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இணைப்புச் சாதனங்களை உருவாக்கும் நிறுவனங்களின் பொறியியல் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியியல் தலைமையினருக்கு,

வணக்கம்.

மீட்டர், பூட்டு, பம்பு கட்டுப்பாட்டுப் பெட்டி, குளிர்கிடங்குக் கண்காணிப்புக் கருவி என இணையத்தோடு பேசும் சாதனங்களை வடிவமைத்து விற்கும் நிறுவனங்களில் கடைசிக் கையொப்பம் இடும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். சாதனத்தின் உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கும், தொலைவிலுள்ள சர்வர்களான கிளவுடுக்கும் நடுவே விழும் வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சாதனமும் சர்வரும் தமக்குள் என்ன பேசும், பேச முடியாத நேரத்தில் இரண்டும் தனித்தனியே என்ன செய்யும், சாதனத்தின் ஆயுள் முழுவதும் அதன் மென்பொருளை யார் எப்படி மாற்றுவார்கள் ஆகியவற்றை, மின்சுற்றுப் பலகையான போர்டின் வடிவமைப்பு முடிவாவதற்கு முன்பே, முழு அமைப்புக்கும் பொறுப்பேற்கும் ஒருவரிடம் ஒப்படைத்து எழுதி முடிக்கச் செய்யுங்கள்.

இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வன்பொருள் குழு சிப்பைத் தேர்ந்தெடுத்துப் போர்டை வரைந்துவிடுகிறது. அது கைக்கு வந்த பிறகு ஃபர்ம்வேர் குழு எழுதத் தொடங்குகிறது. சாதனம் ஏதோ ஒரு வடிவத்தில் தரவை அனுப்பத் தொடங்கியதும் கிளவுட் குழு அதை வாங்கிக்கொள்ள ஒரு சர்வரை நிறுத்துகிறது. கைபேசிச் செயலி எழுதுபவர்கள் கடைசியாக வருகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பகுதியைச் சோதித்துத் தேறியிருக்கும். கோளாறு மட்டும் எவருடைய சோதனையிலும் அடங்காத இணைப்பில் இருக்கும். களத்திலிருந்து புகார் வரும்போது சாதனம் சரியாகத்தான் அனுப்பியது என்பதற்கு ஒரு குழுவிடம் ஆதாரம் இருக்கும். சர்வருக்கு எதுவும் வரவில்லை என்பதற்கு இன்னொரு குழுவிடம் ஆதாரம் இருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

ஃபிளாஷ் நினைவகத்தின் அளவைத் தீர்மானிக்கும் முடிவிலிருந்தே இதைப் பார்க்கலாம். முதல் ஃபர்ம்வேர் 300 கிலோபைட் வருகிறது என்று வையுங்கள். 512 கிலோபைட் உள்ள சிப் போதும் என்று வன்பொருள் குழு கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் தவறில்லை, விலையும் குறைகிறது. ஆனால் புதிய ஃபர்ம்வேரைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாக ஏற்ற வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் பிரதியைத் தொடாமல் புதியதை வேறோர் இடத்தில் முழுவதுமாக இறக்கி, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதற்கு மாற வேண்டும். இரண்டு பிரதிகளுக்கு 600 கிலோபைட்டும், அதற்கு மேல், சாதனம் தொடங்கியதும் ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடருக்கும் அமைவுத் தரவுக்கும் இடமும் வேண்டும். 512இல் அது அடங்காது. எனவே பழையதன் மேலேயே புதியதை எழுதும் முறைக்குப் போகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சாதனம் மறுபடி எழாத செங்கல்லாகிவிடும். போர்டை வரைந்த நாளில் அந்த மேசையில் புதுப்பிப்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால், சற்றே பெரிய சிப்போ, வெளியே ஒரு சிறிய ஃபிளாஷோ சேர்ந்திருக்கும்.

புதுப்பிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் மற்ற எல்லாப் பிழைகளையும் திருத்தும் வழி அது ஒன்றுதான். அதிலேயே பிழை இருந்தால் திருத்த வேறு வழியில்லை. இரண்டு பிரதிகள் வைக்கும் முறையில், புதிய ஃபர்ம்வேர் முதலில் சோதனை ஓட்டமாகத்தான் தொடங்கும். அது தன்னை நல்லது என்று உறுதிசெய்யாவிட்டால் அடுத்த மறுதொடக்கத்தில் பூட்லோடர் பழைய பிரதிக்குத் திரும்பிவிடும். எம்சியூபூட் போன்ற திறந்தமூல பூட்லோடர்களிலேயே இந்த வசதி உண்டு. ஆனால் எந்தக் கட்டத்தில் உறுதிசெய்வது என்பதை பூட்லோடர் சொல்லாது. அது உங்கள் முடிவு. நிரல் தொடங்கிய முதல் விநாடியிலேயே உறுதிசெய்யும் ஒரு வரியைப் பல ஃபர்ம்வேர்களில் பார்த்திருக்கிறேன். அப்படியானால், நெட்வொர்க் பகுதியில் பிழையுள்ள ஒரு வெளியீடு அழகாகத் தொடங்கி, தன்னை நல்லது என்று அறிவித்துக்கொண்டு, அதன் பிறகு ஒருபோதும் சர்வரை எட்டாமல் கிடக்கும். புதிய ஃபர்ம்வேர் சர்வரோடு இணைந்து, தன் அடையாளத்தை நிறுவி, அடுத்த புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பதிலும் பெற்ற பிறகே உறுதிசெய்ய வேண்டும். குறித்த நேரத்துக்குள் இது நடக்காவிட்டால் வாட்ச்டாக் டைமர் என்ற காவல் கடிகாரம் சாதனத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் சர்வரே படுத்திருந்தால் என்ன செய்வது என்று ஃபர்ம்வேர் எழுதுபவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். அதற்கான பதிலை அவரால் தனியாகத் தர முடியாது, கிளவுட் குழுவும் அதே மேசையில் இருந்தால்தான் முடியும்.

சர்வர் பக்கத்திலும் இதே அளவு வேலை இருக்கிறது. எந்தச் சாதனம் எந்த வன்பொருள் பதிப்பு, எந்த ஃபர்ம்வேரை ஓட்டுகிறது, எப்போது கடைசியாகப் பேசியது என்ற பதிவு இல்லாமல் யாருக்கும் எதையும் அனுப்பக் கூடாது. முதலில் சொந்த ஆய்வகத்துக்கு, பிறகு நூற்றில் ஒன்றுக்கு, பிறகு பத்துக்கு என்று படிப்படியாகப் போக வேண்டும். திரும்பிவராத சாதனங்களின் விகிதம் இவ்வளவைத் தாண்டினால் தானாக நிறுத்த வேண்டும் என்ற எண்ணிக்கையை வெளியீட்டுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். 2017 ஆகஸ்ட்டில், இணையத்தோடு இணைந்த கதவுப் பூட்டுகளின் ஒரு மாடலுக்கு உரிய ஃபர்ம்வேர் தவறுதலாக இன்னொரு மாடலுக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 500 பூட்டுகள் தொலைவிலிருந்து மீட்க முடியாதபடி முடங்கின. உரிமையாளர்கள் பூட்டின் பின்பகுதியைக் கழற்றி அனுப்பவோ மாற்றுப் பூட்டுக்குக் காத்திருக்கவோ வேண்டியிருந்தது. அனுப்பும் முன் சர்வரும், எழுதும் முன் சாதனமும் வன்பொருள் பதிப்பைச் சரிபார்த்தால், ஒருவர் தவறினாலும் மற்றவர் தடுத்துவிடுவார். இரண்டு பக்கமும் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பும்போதுதான் இப்படி நடக்கிறது. தொலைவழிப் புதுப்பிப்பே இல்லாத நிலைமைக்கு 2015 ஜூலை நினைவிருக்கலாம்: ஓடும் காரை இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டிய இரண்டு ஆய்வாளர்களின் செயல்விளக்கத்துக்குப் பின் 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன, திருத்தம் யூஎஸ்பி குச்சியில் தபாலில் போனது.

அடுத்தது செய்தியின் வடிவம். சாதனங்களும் சர்வரும் செய்தி பரிமாறப் பயன்படும் எம்க்யூடிடி நெறிமுறை 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காகப் பிறந்தது. குறைந்த அலைவரிசை, அடிக்கடி அறுபடும் இணைப்பு என்பவற்றை இயல்பாக ஏற்றுக்கொண்டே அது வடிவமைக்கப்பட்டது. அதன் முதலாம் சேவைத் தரம் செய்தி குறைந்தது ஒரு முறை போய்ச் சேரும் என்றுதான் வாக்களிக்கிறது. இரண்டு முறையும் சேரலாம். இதை ஃபர்ம்வேர் குழு அறியும், கிளவுட் குழுவும் அறியும். ஆனாலும் கடந்த ஒரு நிமிடத்தில் 4 லிட்டர் ஓடியது என்று சாதனம் அனுப்ப, சர்வர் அதைக் கூட்டிக்கொண்டே போகும் அமைப்புகள் இன்றும் வருகின்றன. ஒப்புகை வரும் வழியில் தொலைந்தால் சாதனம் மறுபடி அனுப்பும், கணக்கு 8 லிட்டராகும். செய்தியே தொலைந்தால் அந்த 4 லிட்டர் என்றென்றைக்கும் காணாமல் போகும். நிறுவிய நாளிலிருந்து இதுவரை மொத்தம் 18,204 லிட்டர் என்று சாதனம் அனுப்பட்டும். இரட்டித்தாலும் தொலைந்தாலும் அடுத்த செய்தி வந்தவுடன் கணக்கு தானாகச் சரியாகிவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் மறுதொடக்கத்திலும் அழியாத கூட்டுத்தொகை சாதனத்தின் நிலைநினைவகத்தில் இருக்க வேண்டும், அதாவது போர்டு வரையும்போதே இதற்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சர்வரிலிருந்து சாதனத்துக்குப் போகும் கட்டளைகளில் ஆபத்து இன்னும் கூடுதல். நிலையை மாற்று என்ற கட்டளை இரண்டு முறை போய்ச் சேர்ந்தால், இரண்டாவது முதலாவதை ரத்துசெய்துவிடும், கடைசியில் எதுவும் மாறியிருக்காது. திற என்ற கட்டளை எத்தனை முறை போனாலும் வால்வு திறந்தே இருக்கும். ஆகவே கட்டளை எப்போதும் விரும்பும் நிலையைச் சொல்ல வேண்டும், செயலைச் சொல்லக் கூடாது. காலாவதி நேரமும் அதனுள் இருக்க வேண்டும். காலையில் அனுப்பிய திறப்புக் கட்டளை வரிசையில் காத்திருந்து, இணைப்பு திரும்பிய நள்ளிரவில், பக்கத்தில் ஆளில்லாத வால்வைத் திறந்தால் அதன் பொறுப்பு யாருடையது? எம்க்யூடிடியின் 5ஆம் பதிப்பில் செய்திக்குக் காலாவதி குறிக்கும் வசதி உள்ளது. அது வரிசையில் கிடக்கும் செய்தியைத்தான் கழிக்கும், சாதனத்தின் உள்ளே தாமதமாகும் கட்டளையைக் கழிக்காது. கட்டளை வந்து சேர்ந்தது என்பதும், அது நிறைவேறியது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகளாக வர வேண்டும். கைபேசித் திரையில் பச்சை விளக்கு எரிவதைப் பார்ப்பவர், வால்வு உண்மையில் திறந்துவிட்டது என்றுதான் நம்புவார்.

நேரம் எல்லாக் குழுக்களும் எளிதென்று நினைத்து விட்டுவிடும் ஒன்று. மின்சாரம் போய் வந்த சாதனத்தின் முதல் பதிவுகளைப் பாருங்கள்: அவற்றின் தேதி 1970 ஜனவரி 1 என்று இருக்கும், ஏனெனில் கடிகாரத்துக்குத் தனி மின்கலம் வைக்கவில்லை, நேர சர்வரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. சர்வரோ அந்தப் பதிவுகளை ஐம்பது ஆண்டுப் பழையவை என்று ஒதுக்கிவிடும். இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. டிஎல்எஸ் எனும் மறையாக்க இணைப்பில் சர்வரின் அடையாளச் சான்றிதழ் இன்றைய தேதியில் செல்லுமா என்று பார்க்க வேண்டும். தேதியே தெரியாத சாதனத்துக்கு எல்லாச் சான்றிதழும் இன்னும் தொடங்காதவையாகத் தெரியும். நேரத்தைப் பாதுகாப்பாகப் பெற இணைப்பு வேண்டும், இணைப்பைப் பெற நேரம் வேண்டும். இந்த இக்கட்டில் மாட்டிய ஃபர்ம்வேர் பொறியாளர், வெளியீட்டுத் தேதி நெருங்கும் அவசரத்தில், தேதிச் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கடிகாரத்துக்குச் சிறு மின்கலம் வைப்பதா, ஃபர்ம்வேர் கட்டப்பட்ட தேதிக்கு முந்தைய எந்த நேரத்தையும் ஏற்பதில்லை என்ற கீழ்வரம்பு வைப்பதா, கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஃபிளாஷில் சேமிப்பதா என்பதை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும்.

நேரம் கிடைத்த பிறகும் அது நிலைத்திருக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரண கடிகாரப் படிகம் ஒரு நாளுக்கு 1.7 விநாடி, ஓர் ஆண்டுக்கு சுமார் பத்தரை நிமிடம் வரை விலகலாம். ஒவ்வொரு பதிவிலும் சாதனத்தின் நேரம், எத்தனையாவது தொடக்கம், தொடங்கி எத்தனை விநாடி, வரிசை எண் ஆகியவை இருந்து, சர்வர் தான் பெற்ற நேரத்தையும் தனியே குறித்தால், கடிகாரம் தவறியிருந்த காலத்துப் பதிவுகளையும் பெரும்பாலும் வரிசைப்படுத்திவிடலாம். மேலும், 32 பிட் குறியுள்ள எண்ணில் நேரத்தை வைத்திருக்கும் நிரல் 2038 ஜனவரி 19 அன்று எல்லையைத் தொடும். பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று இன்று விற்கப்படும் மீட்டர் அந்த நாளைத் தாண்டும்.

அடையாளத்தைப் பற்றிச் சொல்லும்போது தொழிற்சாலையும் இந்த அமைப்பின் ஒரு பகுதி என்பதை நினைவூட்ட வேண்டியுள்ளது. தயாரிப்பு வரிசையில் ஒரு மாதிரிச் சாதனத்தின் ஃபிளாஷை அப்படியே நகலெடுத்து எல்லாவற்றிலும் ஏற்றிவிடுகிறார்கள். அதனுள் இருந்த அடையாளப் பெயரும் சேர்ந்து நகலாகிவிடுகிறது. எம்க்யூடிடியில் ஒரே பெயரோடு இரண்டாவது சாதனம் இணைந்தால் செய்திகளை இடைநின்று பகிரும் சர்வரான புரோக்கர் முதலாவதைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. துண்டிக்கப்பட்டது உடனே மறுபடி இணையும், மற்றது துண்டிக்கப்படும். இரண்டும் இப்படி மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். சாதனத்தின் பதிவைப் படிப்பவர் நெட்வொர்க் நிலையாக இல்லை என்பார். சர்வரின் பதிவில் ஒரே சாதனம் விநாடிக்கு விநாடி இணைந்து விலகுவதாகத் தெரியும், ஃபர்ம்வேரில் பிழை என்பார் அவர். இரண்டு இணைய முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்குத்தான் அது இரண்டு சாதனங்கள் என்பது புலப்படும். அடையாளம் சிப்பின் தனித்த எண்ணிலிருந்து வர வேண்டும். அந்த அடையாளத்தை நிறுவும் அந்தரங்கச் சாவி ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக, முடிந்தால் பாதுகாப்புச் சிப்பின் உள்ளேயே உருவாகி வெளியே வராமல் இருக்க வேண்டும். தயாரிப்பு வரிசை பொதுச்சாவியை மட்டும் சர்வருக்குப் பதிவுசெய்ய வேண்டும். எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதன் விளைவை 2016இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. சுமார் 60 ஆலைக் கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டே அது கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அப்படிக் கைப்பற்றிய சாதனங்களைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் பல பெரிய தளங்கள் எட்டாமல் போயின. பாதிப்பு அந்தக் கேமராவை வாங்கியவரோடு நின்றிருந்தால் கூட ஒரு வாதம் சொல்லலாம், நிற்கவில்லை.

சான்றிதழ்களும், அவற்றின் நம்பகத்துக்கு அடிப்படையான வேர்ச் சான்றிதழ்களும் மூப்படைகின்றன. 2020 மே 30 அன்று ஆட்ட்ரஸ்ட் வேர்ச் சான்றிதழும், 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழும் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய மென்பொருள்களும் சாதனங்களும் இணைப்பை இழந்தன. அந்தத் தேதிகள் சான்றிதழ்களிலேயே ஆண்டுக்கணக்காக எழுதியிருந்தவை, ஒளிந்திருக்கவில்லை. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஒரு குறிப்பிட்ட சர்வர் சான்றிதழையே ஃபர்ம்வேரில் பதித்துவைத்திருக்கும் சாதனம் அப்போது ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை குருடாகும். சாதனங்களுக்கான வாயிலுக்கு உங்கள் சொந்த வேர்ச் சான்றிதழை வைப்பதும், ஒன்றுக்கு இரண்டாகப் பதிப்பதும், அவற்றை மாற்றும் வழியைப் புதுப்பிப்பு முறையோடு சேர்ப்பதும் என் பரிந்துரை.

மறுஇணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கணக்கே பேசிவிடும். சர்வர் ஐந்து நிமிடம் படுத்து எழுகிறது. ஒரு லட்சம் சாதனங்கள் 10 விநாடிக்கு ஒரு முறை முயல்கின்றன என்றால், எழும் சர்வரை விநாடிக்கு 10,000 டிஎல்எஸ் கைகுலுக்கல்கள் எதிர்கொள்ளும்; அது மறுபடி படுக்கும். தோல்விக்குத் தோல்வி காத்திருப்பை இரட்டிப்பாக்கி, அதனுள் ஒவ்வொரு சாதனமும் தற்செயலாக ஒரு கணத்தைத் தேர்ந்து, பத்து நிமிடப் பரப்பில் சிதறி வந்தால் அதே கூட்டம் விநாடிக்கு 167 பேராகக் குறைந்துவிடும். இந்தச் சில வரி நிரல் ஃபர்ம்வேரில் இருக்கிறது, அதன் பலன் கிளவுட் செலவில் தெரிகிறது. இரண்டு வெவ்வேறு குழுக்களின் பட்ஜெட் என்பதாலேயே அது எழுதப்படாமல் கிடக்கிறது.

மின்கலமும் ஃபிளாஷும் இதே கதைதான். 2,400 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் மின்கலம் பத்து ஆண்டு வர வேண்டுமானால் சராசரி மின்னோட்டம் 27 மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்க வேண்டும், மின்கலத்தின் சுயக்கசிவைக் கழித்தால் அதற்கும் குறைவு. அந்த நிலையில் பதினைந்து நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தரவு வேண்டும் என்று தரவைக் காட்டும் திரையான டாஷ்போர்டை வடிவமைப்பவர் கேட்பது சிறிய கோரிக்கை போலத் தோன்றும். மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஃபிளாஷ் பலவற்றில் 10,000 முறை அழித்தெழுதும் வரைதான் உத்தரவாதம்; ஒரே பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு முறை அழித்தெழுதினால் ஏழு நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். நான் முன்னே சொன்ன கூட்டுத்தொகையைச் சேமிப்பதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: பல பக்கங்களில் சுழற்றி எழுதுங்கள், அல்லது எளிதில் தேயாத எஃப்ஆர்ஏஎம் போன்ற நினைவகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் சிலர் இப்போது சொல்லக்கூடியதை ஊகிக்க முடிகிறது. பெரிய கிளவுட் நிறுவனங்களின் தயாரான தளத்தை வாங்கிவிட்டோம், இவையெல்லாம் அதில் அடங்கும் என்பீர்கள். அடையாளச் சான்று, செய்திப் பரிமாற்றம், சாதனத்தின் நிலையைச் சர்வரில் வைத்திருக்கும் நிழல் பிரதி, படிப்படியான புதுப்பிப்பு ஆகிய கருவிகளை அந்தத் தளங்கள் தருகின்றன என்பது உண்மை. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், எல்லாவற்றையும் சொந்தமாக எழுதுவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் மொத்தத்தை அனுப்புவதா வித்தியாசத்தை அனுப்புவதா, எப்போது ஃபர்ம்வேரை நல்லது என்று உறுதிசெய்வது, இணைப்பில்லாத பூட்டு திறக்குமா திறக்காதா என்பதை எந்தத் தளமும் உங்களுக்காக முடிவுசெய்யாது. தளமே மறைவதும் உண்டு. கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை நிறுத்துவதாக 2022 ஆகஸ்ட்டில் அறிவித்து, 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடியது. அதன் முகவரியை ஃபர்ம்வேரில் நேரடியாகப் பதித்தவர்கள், ஓராண்டுக்குள் களத்திலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சாதனம் உங்களுக்குச் சொந்தமான டொமைன் பெயரை நோக்கியே பேசட்டும். பின்னால் நிற்கும் தளத்தை மாற்றுவது அப்போது குறைந்தபட்சம் சாத்தியமாகும்.

முன்மாதிரியை வேகமாகக் காட்ட வேண்டும், இவ்வளவையும் முன்கூட்டியே எழுதினால் சந்தை போய்விடும் என்பது இன்னொரு வாதம். முன்மாதிரியை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. அந்த முன்மாதிரியே சற்றுப் பூச்சு பூசித் தயாரிப்பாக மாறுவதைத்தான் எதிர்க்கிறேன். நான் கேட்கும் ஆவணம் இருபது பக்கத்துக்குள் அடங்கும்: செய்திகளும் அவற்றின் பதிப்பு எண்ணும், ஒருமுறை பயன்படுத்திய புல எண்ணை வேறு பொருளில் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி, இணைப்பற்ற நேரத்து நடத்தை, புதுப்பிப்பின் நிலைமாற்றங்கள், சாவிகளின் வாழ்க்கை. எழுத ஒரு மாதம் ஆகலாம். போர்டை ஒரு முறை மறுபடி வரைவதற்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

அந்த ஆவணத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதும் முக்கியம். வாராந்தரக் கூட்டத்தில் எல்லாக் குழுக்களின் அறிக்கையையும் தொகுப்பவர் போதாது. சிப்பின் தேர்வை மாற்றச் சொல்லவும், டாஷ்போர்டின் கோரிக்கையை மறுக்கவும், தயாரிப்பு வரிசையின் நிரலைப் பார்வையிடவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். மின்சுற்று வரைபடத்தையும் படிக்கத் தெரிந்து, சர்வரின் பதிவுகளையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவுதான். ஆனால் உங்கள் நிறுவனத்தில் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் களப் புகார்களைத் தீர்க்கும் வேலையில் உட்கார வைத்திருப்பீர்கள். அவரிடம் ஒரு சோதனை அடுக்கையும் கொடுங்கள். ஐம்பது சாதனங்கள், ஒவ்வொன்றின் மின்சாரத்தையும் எதிர்பாராத நேரத்தில் துண்டிக்கும் ரிலே, நெட்வொர்க் பொட்டலங்களைத் தொலைக்கும் ஒரு கருவி, காலாவதியான சான்றிதழோடு ஒரு போலி சர்வர். புதுப்பிப்பின் நடுவே ஆயிரம் முறை மின்சாரத்தைத் துண்டித்தும் எல்லாச் சாதனங்களும் எழுந்து வருகின்றனவா என்பதை அந்த அடுக்கு ஒரு வாரத்தில் சொல்லிவிடும்.

சட்டமும் இந்தத் திசையில் நகர்வதை நீங்கள் அறிவீர்கள். எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடைசெய்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எந்த நாள் வரை கிடைக்கும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லச் செய்யும் விதி பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது; பயன்பாட்டுக் காலமே குறைவான பொருள்களைத் தவிர மற்றவற்றுக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஆதரவு தர வேண்டும் என்பது உள்ளிட்ட அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். ஐந்தாண்டு ஆதரவு என்பது, ஐந்தாண்டுக்குப் பிறகும் அந்தப் பழைய போர்டுக்கு ஃபர்ம்வேரைக் கட்டக்கூடிய கருவித்தொகுதியும், கையொப்பச் சாவியும், அதைச் சோதிக்க அதே பதிப்பின் சாதனங்களும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதையே குறிக்கிறது. அவை இன்று யாருடைய மடிக்கணினியில் இருக்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆதரவு முடியும் நாளையும் இப்போதே வடிவமைக்கலாம். 2016 மே 15 அன்று ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையத்தின் சர்வர் நிறுத்தப்பட்டபோது, பழுதில்லாத பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. சர்வர் இல்லாவிட்டாலும் உள்ளூர் நெட்வொர்க்கிலிருந்து இயங்கும் ஒரு நிலை, அதற்கு மாற்றும் கடைசிக் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர், வாடிக்கையாளரின் தரவை அவரிடம் ஒப்படைத்துச் சர்வரிலிருந்து அழிக்கும் ஒரு கட்டளை: இம்மூன்றையும் அந்த இருபது பக்க ஆவணத்தின் முதல் பதிப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த போர்டின் வரைபடம் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது, அதோடு அந்த ஆவணமும் இணைந்து வராவிட்டால் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபர்ம்வேருக்கும் கிளவுடுக்கும் நடுவே பணிபுரியும் ஓர் அமைப்புப் பொறியாளர்